மியூசிக் வீடியோவும் ஆல்பம் அட்டையும்: வழக்கப்படி செய்வதா, வளைப்பதா, உடைப்பதா?

படிப்புக்காக ஒரு மியூசிக் வீடியோவும் அதற்குப் பொருத்தமான டிஜிபேக்கும் (மடித்துத் திறக்கும் அட்டையாலான சிடி உறை) செய்யக் கிளம்பும் குழுக்களில், எந்தப் பாட்டு என்ற சண்டை முடிந்ததுமே அடுத்த சண்டை தொடங்கிவிடும். "எல்லாரும் செய்கிற மாதிரியே செய்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?" என்பது ஒரு கட்சி. "இஷ்டத்துக்குச் செய்தால், எடுக்கத் தெரியாமல் எடுத்தது என்றுதான் சொல்வார்கள்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பயமும் நியாயமானவைதான்.

இங்கிலாந்தின் ஏ லெவல் (பள்ளி இறுதிப் படிப்பு) மீடியா ஸ்டடீஸ் பாடத்தில் ஓசிஆர் தேர்வு வாரியம் பல ஆண்டுகள் கேட்டுவந்த மதிப்பீட்டுக் கேள்வி ஒன்று உண்டு. உங்கள் படைப்பு, புழக்கத்தில் இருக்கும் படைப்புகளின் மரபுகளைப் பயன்படுத்துகிறதா, வளர்த்தெடுக்கிறதா, அவற்றுக்குச் சவால் விடுகிறதா என்பதே அதன் சாரம். நாமும் அந்த மூன்றையே மூன்று வழிகளாக எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் நான்காவதாக ஒன்றும் ஓடுகிறது: வீடியோ ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். அதையும் பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் இசைவகை. மீறல் என்பது எப்போதும் ஒரு வகையை வைத்துத்தான் மீறல். பாப் வீடியோவில் பாடகியின் முகத்தைக் காட்டாவிட்டால் அது துணிச்சல். எலெக்ட்ரானிக் இசையில் முகம் இல்லாதது அன்றாட விஷயம். அங்கே இசைக்கலைஞரைக் கேமராவைப் பார்த்து உருகவைத்தால்தான் விசித்திரமாகத் தெரியும். ஆகவே "நாங்கள் முகத்தைக் காட்டவில்லை" என்று பெருமைப்படுவதற்கு முன்னால், உங்கள் வகையில் வெளிவந்த பத்துப் பதினைந்து வீடியோக்களையும் அவற்றின் அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் உங்களுக்கு மரபு. பாடப்புத்தகத்தில் இருக்கும் பொதுப் பட்டியல் அல்ல.

இரண்டாவது, அந்த வழக்கம் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி. என் பார்வையில் முக்கியமானது இதுதான். மியூசிக் வீடியோவின் அடையாளங்களை 1992இல் வெளிவந்த தன் நூலில் தொகுத்த ஆண்ட்ரூ குட்வின், க்ளோஸ்-அப் ஏன் அத்தனை வருகிறது என்பதற்கு எளிமையான காரணம் சொல்கிறார்: ரெக்கார்ட் கம்பெனி கேட்கிறது. முகம் மனதில் பதிந்தால்தான் கலைஞர் விற்பார். அட்டைப் படமும் அப்படி வந்ததுதான். 1940 வாக்கில் கொலம்பியா ரெக்கார்ட்ஸுக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் படம் போட்ட அட்டைகளை வடிவமைக்கத் தொடங்கும்வரை, இசைத்தட்டு ஆல்பங்கள் பெரும்பாலும் வெற்று உறையில்தான் வந்தன. கடை அலமாரியில் கண்ணைப் பிடிப்பதுதான் அந்தப் படத்தின் வேலை. ஒரு வழக்கத்தை எடுத்துவிட நினைத்தால், அது பார்த்துவந்த வேலையை இனி எது பார்க்கும் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கையில் இருப்பது: கேமரா முன்னால் வெட்கமில்லாமல் பாடக்கூடிய ஒரு முகம், நினைத்தபோது போய்வரக்கூடிய இடம், எடிட்டிங்குக்கு உட்காரக்கூடிய ஆள். நான்காவது, தெரிந்துதான் செய்திருக்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரிகிறதா என்பது. ஐந்தாவது, வீடியோவும் அட்டையும் ஒரே கலைஞருடையவை என்று நம்ப முடிகிறதா என்பது.

| அளவுகோல் | வழக்கப்படி | ஒன்றை வளைத்து | மொத்தமாக உடைத்து |
|---|---|---|---|
| எந்த வகைக்குப் பொருந்தும் | பாப், ஹிப்-ஹாப், மெட்டல் | கிட்டத்தட்ட எல்லாம் | இண்டி, எலெக்ட்ரானிக், பரிசோதனை இசை |
| நடிப்புக்கான தேவை | மிக அதிகம் | ஓரளவு | குறைவு, சில நேரம் இல்லவே இல்லை |
| எடிட்டிங் நேரம் | மிக அதிகம் | அதிகம் | ஒரே ஷாட் என்றால் குறைவு. அனிமேஷன் என்றால் எல்லாவற்றையும் விட அதிகம் |
| முன்தயாரிப்பு | நடுத்தரம் | நடுத்தரம் | மிக அதிகம் |
| முக்கியமான ஆபத்து | மலிவான நகல் போலத் தெரிவது | வளைத்தது யார் கண்ணிலும் படாமல் போவது | தெரியாமல் செய்ததாகத் தோன்றுவது |
| அட்டையில் செய்ய வேண்டியது | முகம், பெயர், வகைக்குரிய நிறம் | வளைத்ததை அட்டையிலும் காட்டுவது | அட்டையின் அடிப்படை ஒழுங்கைக் காப்பது |

## வழக்கப்படியே செய்வது

இதைப் பலரும் சுலபமான வழி என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஆள்பலமும் உழைப்பும் அதிகம் கேட்பது இதுதான். பாடும் காட்சி, கதைக் காட்சி, தாளத்துக்கு ஏற்ற வெட்டு என்று வழக்கமான அச்சில் போகும்போது, பார்ப்பவர் உங்களைப் பெரிய கம்பெனிகளின் வீடியோக்களோடு ஒப்பிடுகிறார். அவர்களிடம் இருக்கும் விளக்குகள் உங்களிடம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 120 தாளம் ஓடும் பாட்டு என்றால் ஒரு தாளம் அரை நொடி. நான்கு தாளம் கொண்ட ஒரு சுற்று இரண்டு நொடி. பாட்டு நான்கு நிமிடம் என்று வையுங்கள். சுற்றுக்கு ஒரு கட் என்று நிதானமாகப் போனாலே 120 ஷாட் வேண்டும். பல்லவியில் தாளத்துக்குத் தாளம் வெட்டினால் இன்னும் எகிறும். இரண்டு லொக்கேஷன், ஒரு உடை என்று கிளம்பும் குழுவுக்கு இரண்டாவது சரணத்திலேயே சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் காட்டிய ஷாட்டையே திரும்பக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் தேவையே இல்லாமல் ஸ்லோ மோஷன் போடுவார்கள்.

லிப் சிங்க் அடுத்த செலவு. வாயை மட்டும் அசைத்தால் உடனே பிடிபடும். கழுத்து நரம்பும் மூச்சும் அசைய வேண்டும், அதற்கு உண்மையாகவே உரக்கப் பாடியாக வேண்டும். படப்பிடிப்பில் ஒலிக்கவிடும் ஃபைலும் எடிட்டில் வைக்கும் ஃபைலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். போனில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பல போன்களில் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) நிலையாக இருக்காது, நீளமான டேக்கில் உதடு மெல்ல மெல்லப் பாட்டிலிருந்து விலகும். பாடகர் ஸ்லோ மோஷனில் நடந்துவர, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்த வேண்டுமா? பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, அந்த வேகத்துக்கே அவரைப் பாடவைத்து, நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, 25இல் ஓட்ட வேண்டும். இரட்டை வேகத்தில் பாடும்போது எல்லாருக்கும் சிரிப்பு வரும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

இவ்வளவையும் மீறி இந்த வழி எப்போது நல்லது? குழுவில் நிஜமாகவே கேமராவைக் கட்டிப்போடும் ஒருவர் இருந்தால் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். நட்சத்திரம் என்பவர் நம்மைப் போல ஒருவராகவும் நமக்கு எட்டாதவராகவும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்று சினிமா ஆய்வாளர் ரிச்சர்ட் டயர் எழுதியிருக்கிறார். அந்த இரண்டையும் முகத்தில் கொண்டுவரத் தெரிந்தவர் கிடைத்துவிட்டால், அவரை நிழலில் நிறுத்திப் பரிசோதனை செய்வது வீண். பாடல் வகைக்குள் கச்சிதமாகப் பொருந்துவதாக இருந்தாலும் இதுவே சரி. ஹிப்-ஹாப்பில் தாழ்வான கோணத்திலிருந்து கேமராவோடு நேருக்கு நேர் பேசுவது இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம், அந்தப் பாட்டின் தோரணையே அதுதான் என்பது.

## ஒன்றை மட்டும் வளைப்பது

பெரும்பாலான குழுக்களுக்கு நான் சொல்வது இது. பாதுகாப்பானது என்பதற்காக அல்ல. மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதுதான் ஒரு மீறல் கண்ணில் படுகிறது என்பதற்காக. ஐந்து இடத்தில் மீறினால் எது வேண்டுமென்று செய்தது, எது கைதவறியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வகைக்குள் வரும் படைப்புகள் ஒன்றையே திரும்பச் செய்வதாலும் கொஞ்சம் வேறுபடுவதாலும் வாழ்கின்றன என்பது ஆய்வாளர் ஸ்டீவ் நீலின் வாதம். அவர் எழுதியது சினிமாவைப் பற்றி. மியூசிக் வீடியோவுக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

வளைப்பது என்றால் எதிர்மாறாகச் செய்வது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு வழக்கத்தைக் கடைசிவரை இழுத்தாலும் அது வளையும். ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டூ யூ' வீடியோவில் (1990) பெரும்பகுதி ஒரே க்ளோஸ்-அப்தான்: கறுப்புப் பின்னணி, முகம், கடைசியில் கண்ணீர். க்ளோஸ்-அப்பை விடப் பழைய வழக்கம் இந்தக் கலையில் இல்லை. ஆனால் மற்றதையெல்லாம் ஓரம்கட்டி அதை மட்டும் விட்டுவைத்ததும், பார்ப்பவருக்குத் தப்பிக்க வழியில்லாமல் போகிறது. மாணவர் குழுவுக்கு இதில் நல்ல சேதி இருக்கிறது: ஒரு கேமரா, ஒரு விளக்கு, ஒரு முகம். கெட்ட சேதியும் உண்டு: அந்த முகம் தாங்க வேண்டும்.

இன்னொரு இடம் வரிகளுக்கும் காட்சிக்கும் உள்ள உறவு. வரியை அப்படியே காட்டலாம், அதை விரித்துக் காட்டலாம், அதற்கு முரணாகக் காட்டலாம். மாணவர் வீடியோக்களில் முதலாவது மிக அதிகம். "மழை" என்று பாடினால் மழை, "கதவு" என்றால் கதவு. துள்ளல் பாட்டுக்குச் சோகக் கதை வைப்பது மூன்றாவது. செலவே இல்லாமல் வளைக்கக்கூடிய இடம் இது. மற்றபடி லிப் சிங்க், வெட்டு, உடை எல்லாம் வகைப்படியே போகட்டும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: வளைத்தது மிகச் சின்னதாக இருந்தால் யாருமே கவனிக்க மாட்டார்கள். குழு ஆறு வாரம் அதைப் பற்றியே பேசியிருக்கும். பார்ப்பவருக்கு அது மூன்று நொடியில் கடந்துபோகும். அதனால் வளைத்ததை முதல் அரை நிமிடத்துக்குள் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, அட்டையில் ஒருமுறை காட்டுங்கள்.

ஆண்-பெண் இடத்தை மாற்றிவைப்பது பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சினிமா ஆய்வாளர் லாரா மல்வி 1975இல் சினிமாவின் பார்வை ஆணுடையது என்று எழுதியதைப் படித்ததும், பெண்ணுக்குப் பதில் ஓர் ஆணை அதே மாதிரி கேமராவால் மேய்ந்துவிட்டு "சவால் விட்டோம்" என்று எழுதும் குழுக்கள் ஏராளம். ஆள்தான் மாறியிருக்கிறார், பார்வை மாறவில்லை. யார் யாரைப் பார்க்கிறார்கள், பார்க்கப்படுபவர் அதை அறிவாரா, திரும்பிப் பார்ப்பாரா என்பதை மாற்றினால்தான் அது வளைத்தல்.

## மொத்தமாக உடைப்பது

ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற குழு வீடியோ எடுக்கவே விரும்பாத குழு. எடுத்தே ஆக வேண்டும் என்றபோது, 1985ஆம் ஆண்டு ஆல்பத்தில் வந்த 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கரைக் கறுப்பு வெள்ளையில் காட்டினார்கள். கேமரா மெல்லப் பின்னால் வருகிறது, யாரோ ஒருவர் உட்கார்ந்து பாட்டு கேட்கிறார், முடிவில் ஸ்பீக்கரை உதைக்கிறார். அவ்வளவுதான். கலைஞர் இல்லை, கதை இல்லை, வெட்டு இல்லை. இது ஏன் வேலை செய்கிறது? வீடியோ என்ற விளம்பரத்தின் மேலேயே அந்தக் குழுவுக்கு இருந்த கோபம் அதில் தெரிகிறது. பாட்டிலும் அதே கோபம் இருக்கிறது. உடைத்ததற்குக் காரணம் பாட்டுக்குள்ளேயே கிடைக்கிறது.

உங்கள் பாட்டில் அப்படி ஒரு காரணம் இல்லையென்றால் இந்த வழிக்கு வராதீர்கள். 'வித்தியாசமாக இருக்கட்டும்' என்பது காரணம் ஆகாது. வித்தியாசத்துக்கும் இப்போது ஒரு வாய்பாடு வந்துவிட்டது: முகமூடி, பின்னோக்கி ஓடும் காட்சி, எரியும் புகைப்படம், யாரும் இல்லாத கட்டடத்தில் தனியாக நடக்கும் ஒருவர், நடுநடுவே பழைய வீடியோ டேப் கோடுகள். இவையெல்லாம் மீறல் என்ற பெயரில் சுற்றும் மரபுகள்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், முன்தயாரிப்பில். ஓகே கோ குழுவினர் டிரெட்மில்கள் மேல் ஆடும் வீடியோ (2006) நிலையான கேமரா, ஒரே டேக், சின்னச் செலவு. 2007இல் கிராமி வாங்கியது. பார்த்தால் 'நாமும் செய்யலாமே' என்று தோன்றும். எடிட்டிங்கில் மிச்சமாகும் நேரம் முழுக்க ஒத்திகைக்குப் போய்விடும் என்பது அப்போது தோன்றாது. ஒரே டேக்கில் மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் தடுமாறினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். வெட்டி ஒட்டித் தப்பிக்க முடியாது. அனிமேஷன் இதற்கு நேர் எதிர்: நடிகர் வேண்டாம், வெயில் வேண்டாம், ஆனால் நொடிக்கு 12 படம் வீதம் வரைந்தாலே நான்கு நிமிடத்துக்கு 2880 படம்.

இது யாருக்கு? கேமரா முன் நிற்க யாருமே சம்மதிக்காத குழுவுக்கு. ஒரு யோசனையை நாலு வாக்கியத்தில் சொல்லி முடிக்கக்கூடியவர்களுக்கு. சந்தையைச் சந்தேகத்தோடு பார்க்கும் வகைப் பாடல்களுக்கு.

## அட்டையில் கணக்கு வேறு

வீடியோவில் துணிச்சலாக இருந்துவிட்டு அட்டையில் சோம்பேறித்தனமாக விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. கடைசி வாரத்தில், வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து மேலே பெயரை எழுதி முடித்துவிடுவார்கள். இதில் ஒரு தொழில்நுட்ப அடியும் இருக்கிறது. டிஜிபேக்கின் ஒரு பக்கம் ஏறக்குறைய 125 மில்லிமீட்டர் உயரம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சிட அதற்கு 1476 பிக்சல் வேண்டும், வெட்டுக்காகச் சுற்றிலும் விடும் 3 மில்லிமீட்டர் தனி. ஃபுல் எச்டி வீடியோவின் உயரம் 1080 பிக்சல்தான். போதாது, அதோடு அசைவின் மங்கலும் சேரும். படப்பிடிப்பின்போதே அட்டைக்கென்று தனியாக ஸ்டில் எடுங்கள். திரையில் ஜொலிக்கும் ஆழ்ந்த நீலமும் நியான் பச்சையும் அச்சு மையில் மங்கிப்போகும், அதையும் மனதில் வைத்து நிறம் தேர்ந்தெடுங்கள்.

எதை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது? நான் இப்படிப் பிரிப்பேன். முன் அட்டை உங்கள் சுதந்திரம். முதுகுப் பட்டையும் பின் அட்டையும் அப்படியல்ல. முதுகில் பெயரும் தலைப்பும் இருப்பது அடுக்கிவைத்த வரிசையில் தேடி எடுப்பதற்காக. பின்னால் பாடல் வரிசை, பார்கோடு, ரெக்கார்ட் கம்பெனியின் சின்னம், உரிமை வரிகள். உரிமைக் குறியில் இரண்டு உண்டு: வட்டத்துக்குள் 'பி' ஒலிப்பதிவுக்கு, வட்டத்துக்குள் 'சி' அட்டைப் படத்துக்கும் எழுத்துக்கும். முதலாவதைப் பல குழுக்கள் மறந்துவிடும். பாட்டில் கெட்ட வார்த்தை உண்டு என்று சொல்லும் பெற்றோர் எச்சரிக்கை லேபிளை அழகுக்காக ஒட்டுபவர்களும் உண்டு. பாட்டில் அதற்கான சொல் இல்லாதபோது அது ஆராய்ந்து பார்க்காததன் அடையாளம்.

முன் அட்டையில் பெயரே போடாமல் விடுவது பெரிய மீறல் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். லெட் செப்பலின் 1971இல் தங்கள் நான்காவது ஆல்பத்தின் உறையில் குழுவின் பெயரோ தலைப்போ இல்லாமல் வெளியிட்டபோது அது மீறல்தான். பெயரைப் பார்த்து வாங்கும் கடையில் பெயரை மறைத்தார்கள். ஜாய் டிவிஷனின் 1979 ஆல்பத்துக்குப் பீட்டர் சாவில் செய்த முன் அட்டையில் ஒரு பல்சார் விண்மீனின் ரேடியோ அலைக் கோடுகள் மட்டுமே. இன்று ஸ்ட்ரீமிங் செயலியில் அட்டைக்குப் பக்கத்திலேயே பெயரை எழுதிக் காட்டிவிடுகிறார்கள். அட்டையில் பெயர் பார்த்த வேலையை இப்போது செயலி பார்க்கிறது. ஆகவே பெயரை விடுவது தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதைச் சவால் என்று எழுதிவைக்காதீர்கள்.

வகையின் நிறத்தை மாற்றுவது இன்னமும் வலுவாக இருக்கிறது. டெஃப்ஹெவன் 2013இல் வெளியிட்ட 'சன்பேதர்' ஆல்பத்தில் பிளாக் மெட்டலின் அலறலும் வேகமும் இருக்கின்றன; அட்டையோ இளஞ்சிவப்பு, மெல்லிய எழுத்து. கறுப்பும் படிக்க முடியாத முள் எழுத்தும் எதிர்பார்க்கும் இடத்தில் அந்த நிறம் ஒன்றே போதும். அட்டையில் ஒன்றை மட்டும் வளைப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

## வீடியோ ஒரு வழி, அட்டை ஒரு வழி

வேலையைப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகச் செய்யும் குழுக்களில் இது தானாக நடக்கும். வீடியோவில் அழுக்கான தெருவும் கைக்கேமராவும், அட்டையில் பளபளக்கும் ஸ்டூடியோ படமும். விளக்கம் எழுதும்போது "முரண்" என்று சமாளிப்பார்கள். முரண் என்று நம்பவைக்க, இரண்டிலும் பொதுவான ஒரு இழையாவது வேண்டும்: ஒரே எழுத்துரு, ஒரே பொருள், ஒரே நிறம். அந்த இழை இருந்தால் இது நல்ல வழிதான். இல்லையென்றால் இரண்டு வேறு கலைஞர்களின் படைப்பாகத்தான் தெரியும்.

## உங்களுக்கு எது

பாடக்கூடிய ஒரு முகம் இருக்கிறது, பாட்டு வகைக்குள் சரியாக உட்காருகிறது, எடிட்டர் பொறுமைசாலி என்றால் வழக்கப்படி போங்கள். முகம் சுமார், யோசனை நன்றாக இருக்கிறது என்றால் ஒன்றை வளையுங்கள். யோசனை மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அது பாட்டிலிருந்தே வந்தது என்றால் உடையுங்கள். தேதி நெருங்கிவிட்டது, ஒத்திகைக்கு நாளில்லை என்றால் ஒரே டேக் பக்கம் போகவே வேண்டாம்.

எந்த வழியானாலும் பாட்டின் உரிமையை முதலில் பாருங்கள். பிரபலமான பாட்டை வைத்து எடுத்துப் பதிவேற்றினால் யூடியூபின் கன்டென்ட் ஐடி அதை அடையாளம் கண்டுகொள்ளும். உரிமையாளர் முடக்கலாம், அல்லது விளம்பர வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம். தவிர, அந்தப் பாட்டுக்கு ஏற்கெனவே ஒரு வீடியோ எல்லார் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும். எந்த ரெக்கார்ட் கம்பெனியிலும் சேராத ஒரு கலைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

குழுவுக்குள் இன்னும் ஒத்துவரவில்லையென்றால் ஒரு சோதனை இருக்கிறது. போனில் முப்பது நொடி மாதிரிக் காட்சி எடுங்கள், அட்டையைப் பென்சிலில் வரையுங்கள். பாட்டைக் கேட்காத ஒருவரிடம் ஒலியை அணைத்துவிட்டுக் காட்டி, இது என்ன வகைப் பாட்டு, எது வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். முதல் கேள்விக்குச் சரியான பதிலும் இரண்டாவதற்கு நீங்கள் நினைத்த பதிலும் வந்தால் படப்பிடிப்புத் தேதியைக் குறிக்கலாம். முதல் கேள்விக்கே தடுமாறினால், வளைப்பதற்கு முன்னால் வகையின் வழக்கங்களில் இரண்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.